மன்னார் வேரும் ஒல்லாந்தர் போர்வையும்

பழங்காலத்தை அறிய விரும்புவோர் கல்வெட்டைத் தேடுவர், செப்பேட்டைத் தேடுவர், கோட்டை மதிலை அளந்து பார்ப்பர், கறையான் அரித்த ஓலைச்சுவடியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். பெட்டியின் அடியில் மடிந்து கிடக்கும் ஒரு பழம் போர்வையை விரித்துப் பார்ப்பார் அரியர். துணி நைந்து போவது. பூச்சிக்கும் நெருப்புக்கும் இரையாவது. அதில் என்ன வரலாறு இருக்கக்கூடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் துண்டு துணிகளை ஒட்டி, அடுக்கு மேல் அடுக்காக வைத்து, இடையே பஞ்சிட்டு, ஊசியால் நெருக்கி இழையோட்டிய போர்வை, பல நாட்டுச் செய்திகளை ஓரிடத்தில் கட்டி வைத்திருக்கும் ஏடு. அதைப் படிக்கவும் ஒரு பயிற்சி வேண்டும்.

வங்க நாட்டுப் பெண்கள் உடுத்துக் கழித்த சேலைகளை அடுக்கித் தைத்துப் போர்வை செய்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் காந்தா. நம் மொழியில் கந்தை என்றால் பீற்றல். அங்கே அதே சொல் ஓர் அருங்கலைக்குப் பெயராக நிற்கிறது. குருசதய தத்தர் என்ற அறிஞர் ஊர் ஊராக அலைந்து திரட்டிய காந்தாக்களுள், மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்த ஒன்றில் தெய்வ உருவங்களுக்கு அருகே வெள்ளைக்காரரும் சிப்பாய்களும் நிற்கின்றனர். அந்தப் பெண் வரலாறு எழுத உட்காரவில்லை; கண்டதைத் தைத்தாள். அவளுக்கு முந்தி, 16, 17ஆம் நூற்றாண்டுகளில், சப்தகிராமத்தை அடுத்த பகுதிகளில் போர்த்துக்கேயருக்காகத் தைக்கப்பட்ட பெரும் போர்வைகளில் விவிலியக் கதைகளும் கப்பல்களும் வேட்டைக் காட்சிகளும் மஞ்சட் பட்டு நூலால் இடம்பெற்றன.

நான் இங்கே சொல்லப் புகுவது இவற்றிலிருந்து சற்று வேறான போர்வையை. வட இங்கிலாந்தில் லெவன்ஸ் மாளிகை என்னும் பழைய வீடொன்றில் ஏறத்தாழ 1708ஆம் ஆண்டில் தைக்கப்பட்ட ஒட்டுப்போர்வை உண்டு. ஆங்கில நாட்டில் இன்று எஞ்சியுள்ள ஒட்டுப்போர்வைகளுள் மிகப் பழையதாக அதை மதிக்கின்றனர். வீட்டுப் பெண்மக்கள் கூடித் தைத்தது என்பது அக்குடும்பத்து மரபு. சிலுவை வடிவாகவும் எண்கோணமாகவும் வெட்டி இணைத்த அதன் துண்டுகள் ஆங்கிலத் துணியல்ல; சோழமண்டலக் கரையில் எழுதிய சீட்டித் துணி. மூன்று நூற்றாண்டு கழிந்தும் அத்தகைய சீட்டியில் சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது. வெயிலுக்கும் சலவைக்கும் அஞ்சாத அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு போனால், கப்பலேறி, கடல் கடந்து, கடைசியில் மன்னார்க் கரையின் மணலில் வந்து நிற்கிறோம். அந்த மணலை ஒல்லாந்தர் கைக்குக் கொண்டு சேர்த்தவர் ரைக்லோவ் வான் கோயன்ஸ். அவர் வாழ்க்கையே இக்கட்டுரையின் பொருள்.

இலங்கைச் சரித்திரம் கற்ற மாணவர் இப்பெயரை அறிவர். யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தவர் என்று ஒரு வரியும், கறுவாவைக் கைப்பற்றியவர் என்று மற்றொரு வரியும் பாடநூல்களில் இருக்கும். துணிக்கும் அவருக்கும் உள்ள உறவை அவை சொல்வதில்லை. அந்த உறவோ அவருடைய பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கியது.

வான் கோயன்ஸ் 1619ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் ரைன் ஆற்றங்கரையிலுள்ள ரேஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை போர்வீரர். 1628இல், ஒன்பது வயதுச் சிறுவனை அழைத்துக்கொண்டு பெற்றோர் ஜாவாத் தீவிலிருந்த பத்தேவியாவுக்குக் கப்பலேறினர். கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் சென்றோருள் பாதிப்பேருக்கு அந்தப் பத்தேவியாவின் காய்ச்சலே சம்பளமாகக் கிடைத்த காலம் அது. சில ஆண்டுகளுக்குள் தாயும் தந்தையும் மறைந்தனர். அநாதையாக நின்ற சிறுவனைச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பி, அங்கே ஒல்லாந்தரின் தலைவராக இருந்த ஆரெண்ட் கார்டனைஸ் என்பவருடைய பணியில் சேர்த்தனர்.

கார்டனைஸ் இருந்த இடம் பழவேற்காடு. 1613இல் ஒல்லாந்தர் அங்கே கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டியிருந்தனர். கோட்டைக்கு வெளியே உலகம் முழுவதும் துணியாக இருந்தது. நெய்வோரும் வெளுப்போரும் எழுதுவோரும் சாயம் தோய்ப்போரும் தரகரும் சூழ்ந்த ஊர். அங்கே எழுதிய துணிகள் மலாய்த் தீவுகளுக்கும் சயாமுக்கும் சென்றன. மொலுக்காத் தீவுகளில் கிராம்பு விளைவித்தவர்கள் ஒல்லாந்தரின் வெள்ளியைக் காட்டிலும் சோழமண்டலத்துத் துணியையே விரும்பினர். துணி இல்லையேல் கிராம்பு இல்லை. கிராம்பு இல்லையேல் கம்பனி இல்லை. இந்தக் கணக்கை ஆம்ஸ்டர்டாமில் இருந்த பிரபுக்கள் ஏட்டில் படித்து அறிந்தனர். இந்தச் சிறுவனோ கிடங்கிலே மூட்டை எண்ணி அறிந்தான். பிற்காலத்தில் அவர் கைக்கொண்ட கொள்கைகளுக்கெல்லாம் விதை அந்தக் கிடங்கில் விழுந்தது என்று நான் கருதுகிறேன்.

அங்கே அவன் கண்ணாற் கண்டிருக்கக்கூடிய தொழிலைச் சற்று விரித்துச் சொல்வது பொருந்தும். வெளுத்த பருத்தித் துணியை முதலில் கடுக்காய் நீரிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, பின்னர் எழுதும் கோடு பரவாமல் தடுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீராலும், கருமை வரவேண்டிய இடத்தில் இரும்பு ஊறிய புளித்த நீராலும் மூங்கில் எழுதுகோல் கொண்டு எழுதுவர். அப்போது துணியில் சிவப்பு என்று ஒன்றும் இராது. பிறகு சாயவேரை இடித்துக் கொதிக்கவைத்த நீரில் துணியை இட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும். மற்ற இடத்தில் ஏறிய மங்கலான நிறத்தைச் சாணக் கரைசலாலும் வெயிலாலும் போக்குவர். நீலம் வேண்டுமானால், வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். ஒரு துணி முடிய வாரங்கள் செல்லும். ஐரோப்பாவில் அக்காலத்தார் துணியில் வண்ணம் அச்சிட்டால் முதற் சலவையில் அது ஓடிப்போகும். இதுவோ சலவைக்குச் சலவை தெளிந்தது. மேனாட்டார் வியந்ததில் வியப்பில்லை. புதுச்சேரியைச் சார்ந்திருந்த பிரெஞ்சுக் குருவான கேர்தூ, 1742இலும் 1747இலும் இத்தொழிலின் முறைகளை விசாரித்து நீண்ட கடிதங்களாகத் தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். மறைபொருளை அறிந்து தம் நாட்டிலும் அதைச் செய்யவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இத்தொழிலின் உயிர் சாயவேர். நம் சித்த வைத்தியர் இம்பூறல் என்று சொல்லும் சிறு பூண்டின் வேரே அது. மேலே பார்த்தால் காலில் மிதிபடும் களை. மணலுக்குள்ளே மெல்லிய நீண்ட வேர். பயிரிட்ட வேரைவிடத் தானாக முளைத்த காட்டு வேரே சிறந்ததென்பது தொழிலாளர் துணிபு. கிருஷ்ணை ஆற்றின் கழிமுகத்து வேர் பேர்போனது. அதற்கு இணையாக இலங்கை வேர் பேசப்பட்டது. இலங்கையில் மன்னார், வன்னி, யாழ்ப்பாணத்துத் தீவுகள் ஆகிய இடங்களில் அது கிடைத்தது. அலிசரின் என்னும் சிவப்புப் பொருள் அந்த வேரில் உள்ளது. படிகாரத்தோடு சுண்ணாம்புச் சத்தும் கூடும்போது அதன் நிறம் உறுதிப்படுகிறது என்று இக்கால வேதியியலார் கூறுவர். சிப்பியும் சங்கும் பொடிந்து கலந்த கடற்கரை மணலில் விளைந்த வேரை அன்றைய சாயக்காரர் ஏன் விரும்பினர் என்பதற்கு இது ஒரு விளக்கம். அவர்களுக்கு வேதியியல் தெரியாது. விரல் நுனியில் அறிவு இருந்தது.

சிறுவன் வளர்ந்தான். பத்தேவியாவுக்குத் திரும்பிக் கம்பனியில் எழுத்தராகப் புகுந்து, படிப்படியாக உயர்ந்து பெருவணிகர் ஆனார். 1648 முதல் 1654 வரை ஜாவாவின் மத்தாராம் மன்னன் அவைக்கு ஐந்து முறை தூது சென்றார். அந்த அவையையும் நாட்டையும் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பு ஜாவா வரலாற்றை ஆராய்வோருக்கு இன்றும் பயன்படுகிறது. கூர்ந்து பார்ப்பதும் பார்த்ததை எழுதுவதும் அவர் இயல்பு. அதனோடு போர் வெறியும் சேர்ந்திருந்தது. வணிகர் பலர் வாளைக் கண்டு அஞ்சுவர். தளபதிகள் பலர் கணக்கைக் கண்டு அஞ்சுவர். இவர் இரண்டுக்கும் அஞ்சாதவர்.

1655இல் தாய்நாடு சென்ற அவர், போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்தும் இந்தியக் கரைகளிலிருந்தும் அடியோடு அகற்றும் திட்டத்தைக் கம்பனியின் பதினேழு பிரபுக்கள் முன் வைத்தார். 1656இல் கொழும்பு ஒல்லாந்தர் வசமாயிற்று. அடுத்த ஆண்டு வான் கோயன்ஸ் கிழக்கே திரும்பினார். 1658இன் தொடக்கத்தில் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டு, பெப்ரவரி மாதத்தில் மன்னாருக்கு எதிரே தோன்றினார்.

போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டியது 1560இல். முத்துக் குளிப்பையும் நீரிணை வழியே செல்லும் தோணிகளையும் காவல் செய்வதே அதன் வேலை. கரையில் அவர்கள் அமைத்திருந்த காப்பரண்களைக் கப்பற் பீரங்கிகள் கலைத்தன. படையில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியது. பெப்ரவரி 22ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. படையோடு வந்திருந்த பல்தேயஸ் என்னும் இளங்குரு பிற்காலத்தில் இந்நிகழ்ச்சிகளையெல்லாம் தம் பெருநூலில் எழுதினார். அந்நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. தமிழ் எழுத்து வடிவங்களை மேனாட்டாருக்கு அச்சில் காட்டிய நூல்களில் அது ஒன்றாதலால் நம் ஆசிரியர்களுக்கு அது வேறு வகையிலும் பழக்கமானது.

மன்னாரிலிருந்து வான் கோயன்ஸ் யாழ்ப்பாணத்துக்கு நடந்தார். மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை. கோட்டைக்குள்ளே பசியும் நோயும் பீரங்கியைக் காட்டிலும் விரைவாகக் கொன்றன. ஜூன் மாத இறுதியில் கோட்டைக் கதவு திறந்தது. ஜூலையில் நாகப்பட்டினமும் வீழ்ந்தது. ஆறு மாதத்துக்குள் பாக்கு நீரிணையின் இருகரையும் ஒரு கம்பனியின் கைக்கு வந்தன. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தருக்கு எதிராகச் சதி ஒன்று வெளிப்பட்டபோது, அதில் சேர்ந்தவர்களைக் கொன்ற முறை பல்தேயஸ் நூலைப் படிப்போரை இன்றும் நடுங்கச் செய்யும். கத்தோலிக்கக் கோயில்களைக் கம்பனி தன் சமயத்துக்கு மாற்றியது. மன்னார்க் கரை மக்கள் மறைந்து வழிபடும் காலம் தொடங்கியது.

மன்னார் என்றவுடன் முத்து நினைவுக்கு வருகிறது. புலவர்கள் முத்தைப் பாடினர். பயணிகள் முத்தை எழுதினர். ஆனால் முத்துக் குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்வதன்று. சிப்பி விளையாத ஆண்டுகள் தொடர்ந்து வந்தால் அரிப்புக் கரையில் மணலும் காற்றுமே இருக்கும். சாயவேரோ அப்படியன்று. ஆண்டுதோறும் மணலுக்குள் இருந்தது, ஆண்டுதோறும் தோண்டலாம். பழவேற்காட்டுக் கிடங்கில் வளர்ந்த ஒருவருக்கு அதன் விலையை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. கோட்டையோடு வேரும் கம்பனியின் தனியுரிமை ஆயிற்று.

வேரைத் தோண்டியவர் யார்? ஏடுகள் அவர்களை வேர்க்குத்திகள் என்று அழைக்கின்றன. மணலைக் குத்தி வேரை அறாமல் எடுப்பதே அவர்கள் பிறவித் தொழில். அதனை அரசுக்கு இறுப்பதே அவர்கள் கடமை. ஒல்லாந்தர் இந்த வழக்கத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. நாட்டிலிருந்த ஊழிய முறையை எடுத்து, அதற்குக் கணக்கப்பிள்ளையையும் தோம்பையும் தராசையும் சேர்த்தனர். முன்பு அரசன் ஆள் வந்து கேட்டபோது கொடுத்தது, இப்போது எழுத்தில் ஏறிய நிறையாயிற்று. வேரை வேறெவருக்கும் விற்கலாகாது; விலையைக் கம்பனியே வைக்கும். முழங்காலிட்டு, வெயிலில், விரலளவு வேருக்காக மணலைக் கிளறும் வேலை எவ்வளவு மெல்லச் செல்வது என்பதைக் கடற்கரையில் ஒரு புல்லையேனும் வேரோடு பிடுங்கிப் பார்த்தவர் அறிவர். ஒரு மூட்டை வேருக்கு எத்தனை முதுகு வளைந்திருக்கும்! 1697இல் யாழ்ப்பாணத் தளபதியாக இருந்த ஸ்வார்டெகுரூன் தம் பின்னோருக்கு எழுதிவைத்த ஆட்சிக் குறிப்பிலும், முத்து, யானை, பனை ஆகியவற்றோடு சாயவேருக்கும் தனி இடம் உண்டு. வேரின் பெயர் இருக்கிறது. தோண்டியவரின் பெயர் இல்லை.

இதே ஆண்டுகளில் அக்கரையில் மற்றொரு கொடுமை நிகழ்ந்தது. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் போரும் பஞ்சமும் வாட்டின. ஒரு பிடி அரிசிக்காகப் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். பலர் தம்மையே விற்றனர். நாகப்பட்டினத்தில் புதிதாகக் காலூன்றிய கம்பனி அவர்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் ஏற்றியது. வான் கோயன்ஸின் வெற்றிகளைப் புகழ்ந்து எழுதும் நூல்கள் இந்தக் கப்பல்களைப் பற்றி விரைந்து பேசிவிட்டு நகர்கின்றன. அவரைப் பற்றிய தீர்ப்பில் இக்கப்பல்களுக்கு இடம் வேண்டும்.

அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1661இல் கொல்லத்தையும் 1663இல் கொச்சியையும் பிடித்தார். 1660களிலும் 1675 வரையும், இடையில் ஒரு சிறு காலம் தவிர, இலங்கையின் ஆளுநராகக் கொழும்பில் இருந்தார். இலங்கையைக் கம்பனியின் கீழ்த்திசைப் பேரரசுக்கு நடுநாயகமாக்கி, பத்தேவியாவுக்குப் பதிலாகக் கொழும்பையே தலைநகராக்க வேண்டும் என்பது அவர் கனவு. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டுக்குள் படிப்படியாக எல்லையை நகர்த்தினார், துறைமுகங்களை அடைத்தார். 1670இல் கண்டியர் திருப்பி அடித்தபோது அவர் பரப்பிய எல்லை பல இடங்களில் சுருங்கியது. 1672இல் திருகோணமலையில் வந்திறங்கிய பிரெஞ்சுக் கடற்படையை விரட்டியது அவருடைய கடைசிப் பெரு வெற்றி. பத்தேவியாவிலிருந்த மேலோருக்கு அவர் செலவும் பிடிக்கவில்லை, செருக்கும் பிடிக்கவில்லை. ஆயினும் 1675இல் தம் மகனையே, தம் பெயரையே தாங்கிய மகனையே, ஆளுநர் பதவியில் அமர்த்திவிட்டுத்தான் தீவை விட்டு நீங்கினார். அரசகுலத்தில் பிறவாதவர் என்றாலும் அரசர்களின் பழக்கம் அவருக்கு எளிதில் வந்தது.

இவருடைய படைகள் கோட்டை பிடித்துத் திரிந்த அதே காலத்தில் ஒல்லாந்து நாட்டு வீடுகளில் அமைதியான ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதுவரை கிழக்கத்தியத் துணி பெரும்பாலும் கிராம்புக்கு மாற்றாகக் கீழ்த்திசைத் தீவுகளுக்கே போயிற்று. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீட்டியின் மேல் ஐரோப்பாவுக்கே காதல் பிறந்தது. ஒல்லாந்தர் அதனை ஸிட்ஸ் என்றனர். கட்டிலுக்கு விரிப்பு, சுவருக்குத் திரை, பெண்களுக்குப் பாவாடை, குழந்தைக்குத் தொப்பி என்று எங்கும் சீட்டி. குளிர் நாடாகையால் ஒற்றைத் துணி போதாது. மேலே சீட்டி, நடுவே பஞ்சு அல்லது கம்பளி, கீழே வேறொரு துணி என்று அடுக்கி நெருங்க இழையோட்டினர். ஜப்பானிய அரசன் ஒல்லாந்தருக்கு ஆண்டுதோறும் அளித்த பஞ்சிட்ட அங்கிகளைக் கண்டு ஆசைப்பட்ட கனவான்கள், அதே மாதிரியில் சோழமண்டலச் சீட்டியாலும் அங்கி செய்வித்தனர். ஜப்பானியர் மாதிரி, தமிழர் துணி, ஒல்லாந்தர் உடல்! புலவரும் பேராசிரியரும் அதை அணிந்துகொண்டு படம் எழுதுவித்துக்கொள்வது ஒரு பெருமை. வடக்கே ஹிண்டலோப்பன் என்னும் கடற்கரை ஊரில் பெண்கள் சீட்டியின் நிறத்தாலேயே தம் நிலையை உரைத்தனர். மகிழ்ச்சிக்குச் சிவப்பு, துக்கத்துக்கு நீலம். ஒரு மீகாமனின் மனைவி தன் கணவன் கடலில் மாண்டான் என்று கேட்டுச் சிவப்புச் சட்டையைக் கழற்றி நீலத்தை உடுத்தபோது, இரண்டும் நம் கரைத் தொழிலாளர் கையில் பிறந்தவை என்பதை அவள் எண்ணியிருப்பாளா!

1678இல் வான் கோயன்ஸ் பத்தேவியாவில் கவர்னர் ஜெனரல் ஆனார். கம்பனி கீழ்த்திசையில் தரக்கூடிய பதவிகளில் அதற்கு மேற்பட்டது இல்லை. அநாதையாக நின்ற அதே ஊரில், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக்குப் பின், அவர் முதல்வராக நின்றார். ஆனால் பதவி சுகம் தரவில்லை. சபையார் எதிர்த்தனர், உடல் தளர்ந்தது. 1681இல் பதவியைத் துறந்து அடுத்த ஆண்டு தாய்நாடு சேர்ந்தார். தாய்நாடு என்று சொல்வதுகூடப் பொருந்துமோ என்னவோ. ஒன்பது வயதில் விட்ட நாட்டில் அவர் வாழ்ந்த நாட்கள் மிகச் சில. 1682ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். வயது 63.

அவர் எழுதிவைத்த நீண்ட ஆட்சிக் குறிப்புகளை இன்று ஆங்கிலத்தில் படிக்கலாம். 1958இல் வெளிவந்த பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தின் ஆராய்ச்சி நூல், இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி வேரூன்றிய காலத்தையும் அதில் இவருக்கிருந்த பங்கையும் விரிவாகக் காட்டியது. அவர் கட்டியதில் கோட்டைகள் நின்றன. கொழும்பைத் தலைநகராக்கும் கனவு அவரோடு போயிற்று. துணி வாணிகமோ அவருக்குப் பின் இன்னும் பெருகி, பெருகியதாலேயே பகையைத் தேடிக்கொண்டது.

பிரான்சு 1686இல் சீட்டியைத் தடை செய்தது; அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1701 முதல் வண்ணமிட்ட இந்தியத் துணி உள்நாட்டில் விற்பனைக்கு வருவதைத் தடுத்தது. அதுவும் போதாதென்று 1719இல் லண்டன் நெசவாளர் தெருவில் சீட்டி உடுத்துச் சென்ற பெண்களைத் துரத்தி ஆடையைக் கிழித்தனர், திராவகம் வீசினர். 1721இல் உடுப்பதையே தடுக்கும் சட்டம் பிறந்தது. 1774 வரை அது ஏட்டில் இருந்தது. லெவன்ஸ் மாளிகைப் போர்வை தைக்கப்பட்ட 1708 இந்தத் தடைகளின் நடுவே விழுகிறது. புதுத் துணி கிடைப்பது அரிதாகிவிட்ட நாளில், இருக்கும் துணுக்கையெல்லாம் சேர்த்து வீணாகாமல் வெட்டி, ஒன்றோடொன்று பொருத்திய கைகளை அங்கே காண்கிறோம். அப்போர்வையின் ஒட்டுகளை வெறும் அழகுக்காக இட்டவை என்று கொள்ள எனக்கு மனமில்லை. தடைச் சட்டம் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம். போர்வையில் அது ஒரு தையல்.

ஒல்லாந்து மட்டும் தடை செய்யவில்லை. விற்று வாழ்ந்த நாடு எப்படித் தடுக்கும்? ஆகவே மன்னாரில் வேர் தோண்டுவதும் நிற்கவில்லை. ஆங்கிலேயர் வந்தபின்னும் சாயவேர் தொடக்கத்தில் அரசின் வருவாய்களுள் ஒன்றாகக் குத்தகைக்கு விடப்பட்டது. அந்த வேரின் வாழ்வை முடித்தது அரசரோ சட்டமோ அன்று. ஜெர்மானிய ஆய்வுக்கூடம் ஒன்று. 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இருவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். சில ஆண்டுகளில் தொழிற்சாலைச் சிவப்பு மூட்டை மூட்டையாக இந்தியாவுக்கே வந்தது. மணலைக் குத்தி எடுத்த வேரைக் கேட்பார் இல்லாமற் போயினர். வேர்க்குத்திகள் வேறு தொழில் தேடினர்.

மன்னார்க் கோட்டை இன்றும் நிற்கிறது. ஊர்ப்புறத்துப் பெருக்க மரத்தைக் காண வரும் பயணிகள் கோட்டையையும் ஒரு சுற்றுச் சுற்றிப் போகின்றனர். சாயவேரை வைத்தியர் மட்டும் மறக்கவில்லை. இருமி இரத்தம் கக்குவோருக்கு இம்பூறல் மருந்தென்று அவர்கள் கொடுத்துவந்தனர். மழை பெய்து ஓய்ந்த நாட்களில் கரை மணலில் அது தலைகாட்டும். அரிசியளவு வெள்ளைப் பூ. நிறம் முழுவதும் கீழே, மணலுக்குள்.